சின்ன வயசு மஸ்தா வேனும் இப்போ ஓட்டுற மாஸ்டா காரும் ஒரே கம்பெனியா? இந்த பிராண்டு மேல ஏன் இவ்ளோ பாசம்?

ஷார்ஜா செந்தில்:

வணக்கம் நண்பர்களே. நான் திண்டுக்கல் பக்கம், ஏழு வருசமா ஷார்ஜாவுல வேலை. போன மாசம் எங்க ஆபீஸ்ல ஒரு அண்ணன் ஊருக்கே திரும்பிப் போறாருன்னு அவரோட மாஸ்டா 6ஐ நான் வாங்கிட்டேன், 2016 மாடல், அந்த அடர் செவப்பு கலர். இதுக்கு முன்னாடி ஓட்டுனதும் ஜப்பான் வண்டிதான், அதுல கொறை சொல்ல ஒண்ணுமில்ல, ஏறுவேன் போவேன் எறங்குவேன் அவ்ளோதான். ஆனா இதை எடுத்துக்கிட்டு முதல் லீவு நாள்ல கோர்ஃபக்கான் ரோட்டுல மலைக்கு நடுவுல போனேன் பாருங்க, ஸ்டீயரிங்க எவ்ளோ திருப்புறேனோ கரெக்டா அவ்ளோ திரும்புது, ப்ரேக்கும் அப்படியே, வளைவுல உள்ள இருக்குறவங்க அப்படி இப்படி சாயறதே இல்ல. எப்பவும் மலை ரோட்டுல வாந்தி எடுக்குற என் பொண்ணு அன்னைக்கு போக வர ரெண்டு தடவையும் ஜன்னல் பக்கம் ஒக்காந்து வேடிக்கை பாத்துட்டு வந்தா.

அன்னைலேருந்து இந்த கம்பெனிய பத்தி தேடித் தேடி படிக்கிறேன். படிக்க படிக்க கேள்விதான் அதிகமாகுது. நாங்க ஸ்கூலுக்கு போனது சுவராஜ் மஸ்தா வேன்லதான், அந்த மஸ்தாவும் இந்த மாஸ்டாவும் ஒண்ணா? டொயோட்டா ஹோண்டா மாதிரி பெரிய கம்பெனி இல்ல, ஆனா இத வச்சிருக்கவங்க பேசும்போது சொந்தக்காரங்கள பத்தி பேசுற மாதிரி பேசுறாங்களே, அது ஏன்? அப்புறம் முக்கோண எஞ்சின்னு ஏதோ சொல்றாங்க, அது என்னன்னு யாராச்சும் என்னை மாதிரி ஆளுக்கு புரியற மாதிரி சொல்லுங்க.

கோவை கணேசன்:

தம்பி முதல் கேள்விக்கு மட்டும் இப்போ பதில் சொல்லிடறேன், மத்தது ராத்திரி வந்து எழுதறேன், ஒர்க்‌ஷாப்ல வண்டி நிக்குது.

ஆமா, ஒண்ணேதான். 1980கள்ல சின்ன லாரி, வேன் தயாரிக்க ஜப்பான் கம்பெனிங்க நம்ம ஊர் கம்பெனிங்களோட சேந்து நாலு ஜோடியா வந்தாங்க. டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிசான், ஐஷர் மிட்சுபிஷி, நாலாவது சுவராஜ் மஸ்தா. சுவராஜ்ங்கிறது பஞ்சாப் ட்ராக்டர்ஸ், மாஸ்டாவும் சுமிடோமோங்கிற இன்னொரு ஜப்பான் கம்பெனியும் அதுல கூட்டு. ஃபேக்டரி பஞ்சாப்ல. பின்னாடி மாஸ்டா வெலகிடுச்சு, இசுசு உள்ள வந்து எஸ்எம்எல் இசுசுன்னு பேர் மாறுச்சு. நான் தொழில் பழகினதே இந்த வண்டியிலதான், டீசல் பம்ப் கழட்டி மாட்டறது வரைக்கும் கண்ண மூடிட்டு செய்வேன். ஆனா மாஸ்டா கார் மட்டும் நம்ம நாட்டுல ஷோரூம் போட்டு வித்ததே கெடையாது. அதனால ஸ்கூல் வேன் பேராவே நம்மாளுங்களுக்கு அது நின்னு போச்சு.

ஹிரோஷிமாவாசி:

எனக்கு இந்த கேள்விக்கு பதில் எழுதற உரிமை கொஞ்சம் ஜாஸ்தின்னு நெனைக்கிறேன், ஏன்னா நான் இப்போ ஆறாவது வருசமா ஹிரோஷிமாவுல இருக்கேன், மாஸ்டாவோட ஊரு இதுதான். சரியா சொல்லணும்னா ஹிரோஷிமா சிட்டி நாலு பக்கமும் சுத்தி இருக்க நடுவுல ஃபுச்சூன்னு ஒரு தனி டவுன் இருக்கு, தலைமை ஆபீசும் பழைய ஃபேக்டரியும் அங்க.

கம்பெனி ஆரம்பிச்சது 1920ல, அப்போ அது காருக்கு சம்மந்தமே இல்லாத கார்க் கம்பெனி, ஆமாங்க பாட்டில் மூடற தக்கை. டோயோ கார்க் கோக்யோன்னு பேரு. முதல் உலகப்போர் நேரத்துல ஐரோப்பா பக்கம் இருந்து கார்க் வர்றது தடைப்பட்டதால உள்ளூர் மரப்பட்டைய வச்சே பண்ணலாம்னு எறங்குனாங்க, போர் முடிஞ்சு நல்ல கார்க் மறுபடி வர ஆரம்பிச்சதும் தொழில் படுத்துடுச்சு. 1921ல தலைவரா வந்தவர் ஜுஜிரோ மட்சுடா. மீனவர் வீட்டுல 12வது பிள்ளை, சின்ன வயசுலயே அப்பாவ எழந்து, ஒசாகாவுக்கு போய் இரும்புப் பட்டறையில வேலை பழகுன ஆளு. அவருக்கு தக்கைய விட இரும்புதான் கைவந்தது. 1927ல பேர்லேருந்து கார்க்க எடுத்துட்டார், மெஷின் டூல்ஸ் பண்ணாங்க, 1931ல மூணு சக்கர லாரி வந்துச்சு, மாஸ்டா கோன்னு பேரு. முன்னாடி பைக் மாதிரி ஹேண்டில் பாரு, பின்னாடி சரக்கு தொட்டி. நம்ம ஊர் லோடு ஆட்டோவ நெனச்சுக்கோங்க.

பேர் விஷயம் சொல்லிடறேன், பலருக்கு இது தெரியாது. ஜப்பான்ல யாரும் மாஸ்டான்னு சொல்றதில்ல, மட்சுடான்னுதான் எழுதறாங்க சொல்றாங்க, அது அவரோட குடும்பப் பேரு. இங்கிலீஷ்ல எழுதும்போது மட்டும் பாரசீகத்துல ஜொராஸ்ட்ரிய மதத்தோட ஞானக் கடவுள் அஹுரா மஸ்தாவோட எழுத்த எடுத்துக்கிட்டாங்க. அப்படி பாத்தா நம்ம ஸ்கூல் வேன் டிரைவருங்க சொன்ன மஸ்தாதான் சாமி பேருக்கு கிட்டக்க இருக்கு!

இப்போ நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம். 1945 ஆகஸ்ட் 6, அது மட்சுடாவோட 70வது பிறந்தநாள். அன்னைக்கு காலையில சீக்கிரமே போய் முடி வெட்டிக்கிட்டு கார்ல கம்பெனி பக்கம் கெளம்பிட்டார், கொஞ்ச நேரத்துல அணுகுண்டு விழுந்துச்சு. அவர் பொழச்சார், இளைய மகன் பொழைக்கல. ஃபேக்டரி குண்டு விழுந்த எடத்துலேருந்து சுமார் 5 கிலோமீட்டர், நடுவுல ஹிஜியாமான்னு ஒரு சின்ன குன்று, அது மறைச்சதால கட்டடம் நின்னுச்சு. ஊரே இல்லாம போச்சு, அரசாங்கத்துக்கு ஒக்கார எடமில்ல, அதனால மாகாண நிர்வாகமே கிட்டத்தட்ட ஒரு வருசம், 1946 ஜூலை வரைக்கும், மாஸ்டா கட்டடத்துக்குள்ளதான் நடந்துச்சு. அத விட எனக்கு மனசுல நிக்கறது என்னன்னா, அதே 1945 டிசம்பர்லயே அங்க மறுபடி மூணு சக்கர லாரி செஞ்சு வெளிய விட்டாங்க. நாலே மாசம். ஊர திரும்ப கட்டுறதுக்கு மரம், கல்லு, அரிசின்னு சொமந்தது அந்த மாதிரி லாரிங்கதான். நான் அந்த ஹிஜியாமா குன்று வழியாத்தான் தெனம் சைக்கிள்ல போறேன், ரொம்ப சின்ன மேடுதான், ஆனா ஒவ்வொரு தடவையும் இத நெனைக்காம தாண்ட முடியல.

அதனால இந்த ஊர்க்காரங்களுக்கு மாஸ்டா வெறும் கம்பெனி இல்லீங்க. இங்க பேஸ்பால் டீம் பேரே ஹிரோஷிமா டோயோ கார்ப், அந்த டோயோ வந்தது டோயோ கோக்யோலேருந்து, அதாவது மாஸ்டாவோட பழைய பேரு. 1973 பெட்ரோல் நெருக்கடிக்கு அப்புறம் கம்பெனி முழுகப் போற நெலமைக்கு வந்துச்சு, சுமிடோமோ பேங்க் ஆளுங்க வந்து ஒக்காந்து கணக்கு பாத்தாங்க, ஃபேக்டரியில வேலை பாத்தவங்கள ஊர் ஊரா ஷோரூம்ல கார் விக்க அனுப்புனாங்க. அதே சமயத்துல 1975ல கார்ப் டீம் முதல் தடவையா லீக் ஜெயிச்சுது. இங்க இருக்க வயசானவங்க அந்த வருசத்த பத்தி பேசும்போது கம்பெனியையும் டீமையும் பிரிச்சு பேசவே மாட்டாங்க.

சென்னை பெட்ரோல்ஹெட்:

செம்ம பதில் ப்ரோ. ஆனா மாஸ்டா ஃபோர்டோட கம்பெனிதானே? என் மாமா அப்படித்தான் சொல்வார்.

ஹிரோஷிமாவாசி:

இப்போ இல்ல. 1979ல ஃபோர்டு சுமார் கால் பங்கு வாங்குச்சு, 1996ல அத 33.4 சதவீதமாக்கி நிர்வாகத்தையே எடுத்துக்குச்சு, அப்போ ஹென்றி வாலஸ்னு ஃபோர்டு ஆளு தலைவரானார், ஜப்பான் கார் கம்பெனிக்கு வெளிநாட்டுக்காரர் தலைவரானது அதுதான் முதல் தடவை. 2008 பொருளாதார நெருக்கடியில ஃபோர்டு பெரும்பங்க வித்துச்சு, 2015ல மிச்சத்தையும் வித்துட்டு முழுசா வெளிய போயிடுச்சு. 2017லேருந்து டொயோட்டாகிட்ட சின்னதா ஒரு 5 சதவீதம் இருக்கு, அமெரிக்காவுல அலபாமாவுல ரெண்டு பேரும் சேந்து ஒரு ஃபேக்டரி நடத்துறாங்க.

கோவை கணேசன்:

வந்துட்டேன். ஹிரோஷிமா தம்பி எழுதுனத ரெண்டு தடவ படிச்சேன், அந்த டிசம்பர் விஷயம் எனக்கே தெரியாது.

சரி எஞ்சின். நம்ம சாதா எஞ்சின்ல பிஸ்டன் மேலயும் கீழயும் போகும், அந்த ஏத்தம் எறக்கத்த கனெக்டிங் ராடும் கிராங்க்கும் சுத்தலா மாத்தும். நீங்க கேட்ட முக்கோண எஞ்சின், அதாவது ரோட்டரி, அதுல பிஸ்டனே கெடையாது, வால்வு கெடையாது. நெலக்கடலை தோடு பாத்திருப்பீங்க, நடுவுல லேசா ஒடுங்கி இருக்கும்ல, அந்த மாதிரி ஒரு கூடு, அதுக்குள்ள பக்கமெல்லாம் புடைச்ச ஒரு முக்கோணம் சுத்துது. முக்கோணத்தோட மூணு முனையும் எப்பவும் சுவத்த ஒரசிட்டே போகும், அதனால கூட்டுக்குள்ள மூணு அறை உண்டாகுது, முக்கோணம் சுத்த சுத்த ஒவ்வொரு அறையும் பெருசாகி சின்னதாகி பெருசாகி சின்னதாகி, இழு, அமுக்கு, எரி, தள்ளு, நாலு வேலையும் அதே சுத்துல முடிஞ்சுடுது. முக்கோணம் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள ஷாஃப்ட் மூணு சுத்து சுத்திடும். சின்ன எஞ்சின், எடை கம்மி, உதறலே இருக்காது, ஆர்பிஎம் ஏற ஏற மோட்டார் மாதிரி பாடும்.

இத கண்டுபிடிச்சது ஜெர்மனிக்காரர் ஃபெலிக்ஸ் வாங்கல், அவர் இருந்த கம்பெனி என்எஸ்யூ. அந்த நேரம் ஜப்பான் அரசாங்கம் சின்ன சின்ன கார் கம்பெனியெல்லாம் பெருசுங்களோட சேந்துடுங்கன்னு நெருக்குது. அப்போ மாஸ்டா தலைவர் ஜுஜிரோ மகன் சுனேஜி மட்சுடா, யாருகிட்டயும் இல்லாத ஒண்ணு நம்மகிட்ட இருந்தாத்தான் தனியா நிக்க முடியும்னு சொல்லி 1961ல லைசென்ஸ் வாங்கிட்டார். அவங்க கிட்ட அப்போ என்ன இருந்துச்சுன்னா, லாரி இருந்துச்சு, முந்தின வருசம் விட்ட ஆர்360ன்னு ஒரு குட்டி கார் இருந்துச்சு, 356 சிசி. அவ்ளோதான்.

வாங்கிட்டு வந்து பாத்தா எஞ்சின் தாக்குப்பிடிக்கல. முக்கோணத்து முனையில இருக்க சீலு, அதாவது அறைக்கு அறை கசியாம அடைக்கற பட்டை, சுத்தும்போது அதிர்ந்து அதிர்ந்து உள்சுவர் பூரா வரிவரியா கீறிடுது. அதுக்கு அவங்க வச்ச பேரு பிசாசு நகம் கீறின தடம். 1963ல கெனிச்சி யமமோட்டோ தலைமையில 47 இஞ்சினியர்கள வச்சு தனி டிபார்ட்மெண்ட் போட்டாங்க. ஜப்பான்ல எசமானுக்காக உயிர விட்ட 47 சாமுராய் கதை ஒண்ணு உண்டு, அதனால இவங்களுக்கும் அந்த பேரே நின்னுடுச்சு. என்னென்னவோ பொருள்ல சீல் செஞ்சு பாத்தாங்க, கடைசியில கார்பனையும் அலுமினியத்தையும் சேத்து செஞ்ச சீலு கீறாம நின்னுச்சு. 1967 மே 30, காஸ்மோ ஸ்போர்ட்ங்கிற ரோட்டரி கார் விற்பனைக்கு வந்துச்சு, 982 சிசி, 110 குதிரைத்திறன். அடுத்த வருசம் ஜெர்மனியில நூர்பர்க்ரிங் ட்ராக்ல 84 மணி நேரம் ஓட்டுற போட்டி, அதுல நாலாவதா முடிச்சுது. இந்த எஞ்சின் பொறந்த நாட்டுலயே போய் 84 மணி நேரம்! ஒரு சீலுக்காக வருசக்கணக்கா ஒக்காந்தவங்க மேல ஒரு மெக்கானிக்கா எனக்கு இருக்க மரியாதைய எழுத்துல சொல்ல முடியல. யமமோட்டோ பின்னாடி கம்பெனி தலைவராவே ஆனார், 1984ல.

கொறையும் சொல்லணும். எரியற அறை நீளமா தட்டையா இருக்கும், சூடு சுவத்துல போயிடும், அதனால பெட்ரோல் ஜாஸ்தி குடிக்கும். சீலுக்கு மசகு வேணும்னு ஆயிலயும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள விட்டு எரிப்பாங்க, அதனால ஆயில் செக் பண்ணிட்டே இருக்கணும். ஹிரோஷிமா தம்பி சொன்ன 1973 நெருக்கடியில அடி விழுந்ததும் இதனாலதான். மத்த கம்பெனிங்க பெரும்பாலும் விட்டுட்டாங்க, இவங்க விடல, 1978ல ஆர்எக்ஸ்-7ன்னு ரோட்டரி ஸ்போர்ட்ஸ் கார் கொண்டாந்தாங்க, மூணு தலைமுறை, அப்புறம் 2003ல ஆர்எக்ஸ்-8, அது 2012ல நின்னுச்சு. 2023ல எம்எக்ஸ்-30 கார்ல மறுபடி வந்துச்சு, இந்த தடவ சக்கரத்த சுத்த இல்ல, பேட்டரிக்கு கரண்ட் ஏத்துற ஜெனரேட்டரா, ஒரே ஒரு ரோட்டர், 830 சிசி.

சர்க்யூட் ரவி:

பிரான்ஸ்ல நடக்கற 24 மணி நேர ரேஸ், லே மான்ஸ், அத சொல்லாம விட்டுட்டீங்களே அண்ணா!! 1991 ஜூன், மாஸ்டாவோட 787பி ரேஸ் கார், 55ம் நம்பர், ஆரஞ்சும் பச்சையும் கலந்த வண்டி. நாலு ரோட்டர், 2.6 லிட்டர், ரேஸுக்கு 700 குதிரைத்திறன் கிட்ட. ஜானி ஹெர்பர்ட், பெர்ட்ரண்ட் கஷோ, வோல்கர் வைட்லர் மூணு பேரும் மாத்தி மாத்தி ஓட்டுனாங்க. மெர்சிடிஸ் முன்னாடி போயிட்டிருந்துச்சு, கடைசி மூணு மணி நேரம் இருக்கும்போது அது சூடாகி நின்னுச்சு, ஆரஞ்சு வண்டி மேல வந்துச்சு, 362 லேப், ரெண்டாவது வந்த ஜாகுவார் 360. ஜப்பான் கம்பெனி ஒண்ணு லே மான்ஸ் ஜெயிச்சது அதுதான் முதல் தடவை, அடுத்தது டொயோட்டா ஜெயிக்க 2018 ஆச்சு. ஹெர்பர்ட் கடைசியில ஆள மாத்தாம அவரே தொடர்ந்து ஓட்டி முடிச்சார், எறங்குனதும் ஒடம்புல தண்ணி வத்தி சுருண்டுட்டார், மேடைக்கு ஏற முடியல. 2011ல அதே வண்டிய அதே ட்ராக்ல ஓட்டிக் காட்ட கூப்பிட்டாங்க, அப்போதான் அந்த மேடையில ஏறி நின்னார். இருபது வருசம் கழிச்சு!

ஒரு விஷயம், ரோட்டரி ஜெயிச்சதால பொறாமையில தடை பண்ணிட்டாங்கன்னு எல்லா எடத்துலயும் எழுதறாங்க, அது தப்பு. 3.5 லிட்டர் பிஸ்டன் எஞ்சின் ரூல் அதுக்கு முன்னாடியே முடிவு பண்ணது. இதுதான் கடைசி வாய்ப்புன்னு தெரிஞ்சேதான் மாஸ்டா அங்க போச்சு. எனக்கு அதுதான் இன்னும் பெருசா தெரியுது.

யாழ் குமரன்:

வணக்கம் அண்ணையள். இலங்கையில நாங்கள் மாஸ்டாவோட வளந்த ஆக்கள். 2002ல யாழ்ப்பாணத்துக்கு வாற ஏ9 பாதை திறந்தாப்பிறகு எங்கட அப்பா கொழும்பில இருந்து ஒரு மாஸ்டா பொங்கோ வான் எடுத்துக்கொண்டு வந்தவர், ஹயர் ஓடத்தான். கலியாண வீடு, செத்த வீடு, நல்லூர் திருவிழா, எயார்போட் ஓட்டம், எல்லாத்துக்கும் அதுதான். நான் சைக்கிள் ஓடப் பழகமுதல் அந்த வானின்ர கியரை மாத்தப் பழகினனான், அப்பாவின்ர மடியில இருந்துகொண்டு. மாமா ஆக்களிட்ட பமிலியா இருந்தது, வேற நாட்டுக்காரர் 323 எண்டு சொல்லுறதும் அதைத்தான். நீங்கள் எல்லாம் ரோட்டரி, லே மான்ஸ் எண்டு கதைக்கேக்க எனக்கு அந்த வானின்ர டீசல் சத்தம்தான் காதில கேக்குது. ஹிரோஷிமா அண்ணை எழுதின மூண்டு சில்லு லொறிக் கதையை இண்டைக்கு அப்பாவுக்கு வாசிச்சுக் காட்டினனான். அவர் ஒண்டும் சொல்லேல்லை, கனநேரம் பேசாமல் இருந்திட்டு, "சண்டை முடிஞ்சு நாலு மாசத்திலயோ" எண்டு மட்டும் கேட்டவர்.

எனக்கு ஒரு கேள்வி, எம்எக்ஸ்-5 ஐப்பற்றி ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?

சர்க்யூட் ரவி:

சொல்லிடறேன் குமரன். 1980 வாக்குல ரெண்டு சீட்டு, தொறந்த மேல்பாகம், சின்ன எஞ்சின், இந்த மாதிரி பிரிட்டிஷ் வண்டியெல்லாம் செத்துப்போச்சு, ஒழுகும், ரிப்பேராகும். பாப் ஹால்னு ஒரு அமெரிக்க பத்திரிகையாளர், ஜப்பானிய மொழி பேசத் தெரிஞ்சவர், மாஸ்டாகிட்ட நீங்க அத ஒழுங்கா செஞ்சா என்னன்னு கேட்டார், அத காது குடுத்து கேட்டுக்கிட்டது நம்ம ரோட்டரி யமமோட்டோவேதான். பாப் ஹாலும் பின்னாடி மாஸ்டாவுலயே வேலைக்கு சேந்தார். 1989 சிகாகோ ஷோவுல எம்எக்ஸ்-5ஐ காட்டுனாங்க, ஒரு டன்னுக்கும் கம்மி எடை, 1.6 லிட்டர். வேகம்னு பாத்தா சாதாரணம்தான். அவங்க வச்ச குறி ஜின்பா இட்டாய், அதாவது ஓடுற குதிரை மேல ஒக்காந்து அம்பு விடுறவனும் குதிரையும் ஒரே ஒடம்பா இருக்கறது. 2016 ஏப்ரல்ல பத்து லட்சமாவது வண்டி வெளிய வந்துச்சு.

கோவை கணேசன்:

செந்தில் தம்பி, உங்க மாஸ்டா 6க்கும் அதே குதிரைதான். இப்போ போய் வண்டியில ஒக்காந்து பாருங்க, ஆக்சிலரேட்டர் மேலேருந்து தொங்காது, தரையில கீல் போட்டு நிக்கும், பழைய ஆர்மோனிய பெட்டி மிதிக்கற மாதிரி. குதிங்காலு நகராது, அதனால அளவா மிதிக்க வரும். கால நேரா நீட்டுனா பெடல் நேரா இருக்கும், அதுக்காக முன்சக்கரத்த இன்னும் முன்னாடி தள்ளி வச்சாங்க. ஸ்கைஆக்டிவ்னு மாஸ்டா பேர் வச்ச எஞ்சின்ல கம்ப்ரஷன், அதாவது எரியறதுக்கு முன்னாடி அமுக்கற அளவு, 14க்கு 1 வரைக்கும், பெட்ரோல்ல அப்போ அது யாரும் தொடாத அளவு. ஆட்டோமேடிக் கியர்லயும் பெல்ட்ல ஓடுற சிவிடி போடாம ஆறு கியர் பாக்ஸ், கெளம்பினதும் எஞ்சினும் கியர் பாக்ஸும் சட்டுன்னு ஒண்ணா லாக் ஆயிடும், அதான் மிதிச்ச ஒடனே இழுக்குது. பொண்ணுக்கு வாந்தி வராததுக்கு காரணம் நீங்க ஒதறாம ஓட்டுறது, ஒதறாம ஓட்ட வைக்கற மாதிரி வண்டிய செஞ்சிருக்காங்க.

ஷார்ஜா செந்தில்:

அண்ணா இப்பத்தான் கீழ பார்க்கிங்குக்கு போய் ஒக்காந்து பாத்துட்டு வந்தேன், நீங்க சொன்ன மாதிரியே கீல் தரையில! ஒரு மாசமா அது மேல கால வச்சிருக்கேன், கவனிக்கவே இல்ல. எல்லாருக்கும் நன்றி, குமரன் அப்பாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க. அந்த செவப்பு கலரு பத்தியும் ஒரு வரி யாராச்சும். அப்புறம் ஹிரோஷிமா ப்ரோ, அடுத்த வருசம் குடும்பத்தோட ஜப்பான் வரலாம்னு ஒரு யோசனை, ஃபேக்டரிய வெளி ஆளுங்க பாக்க முடியுமா?

ஹிரோஷிமாவாசி:

கலரு பேரு சோல் ரெட், 2012ல வந்தது. அலுமினிய துகள் கலந்த அடுக்கு, அதுக்கு மேல கண்ணாடி மாதிரி செவப்பு அடுக்கு, அதனால வெயில்ல ஒரு மாதிரியும் நெழல்ல ஒரு மாதிரியும் தெரியும். அப்போ டிசைனுக்கு தலைவர் இக்குவோ மயேடா, முதல் ஆர்எக்ஸ்-7ஐ வரைஞ்சவர் அவரோட அப்பா.

ஃபேக்டரி பாக்கலாம், மியூசியத்தோட சேத்து டூர் இருக்கு, ஆன்லைன்ல முன்கூட்டியே எடம் பிடிச்சாகணும், சும்மா போய் நின்னா விட மாட்டாங்க. ஹிரோஷிமா ஸ்டேஷன்லேருந்து ரெண்டாவது ஸ்டேஷன் முக்காய்நடா, அங்க எறங்குனா நடந்தே தலைமை ஆபீஸ். அங்கேருந்து அவங்க பஸ்லயே கூட்டிட்டுப் போவாங்க. ஃபேக்டரி ஆத்துக்கு ரெண்டு கரையிலயும் இருக்கு, நடுவுல கம்பெனிக்கு சொந்தமான பாலமே ஒண்ணு உண்டு. உள்ள போனதும் எல்லாரும் 787பிய பாக்க ஓடுவாங்க. நீங்க பொண்ண கூட்டிட்டு முதல்ல அந்த மூணு சக்கர லாரிகிட்ட போங்க. தேதி முடிவானதும் எனக்கு எழுதுங்க, ஹிஜியாமா குன்றுக்கு நான் கூட்டிட்டுப் போறேன்.